மேஜருக்குக் கொடுத்த பிளம்ஸ்

பிரண்டியில் ஊறும் பிளம்ஸின் மணம் மூக்கில் ஏறியபோது நான் கண்டிக் கடைத்தெருவில் குடை திருத்தக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். நவம்பர் மழை. பக்கத்துப் பேக்கரியின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ நத்தார் கேக்குக்கான பழங்களைப் பெரிய சாடியில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். கறுவா, கராம்பு, எலுமிச்சைத் தோல். அவற்றுக்கெல்லாம் அடியில் அந்தக் கறுத்த, கனத்த, கொஞ்சம் வெறிபிடித்த இனிப்பு.

குடைக்காரர் "பிடியும் மாத்தவா அம்மா?" என்று இரண்டு தரம் கேட்டாராம். எனக்குக் கேட்டது வேறு குரல்.

"மேஜர், நத்தாருக்குக் கேக் வேணும் எண்டு சொல்லு."

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் குரலுக்கு உரியவரும் இல்லை, அது யாரைப் பார்த்துப் பேசியதோ அந்த நாயும் இல்லை. மணம் மட்டும் அப்படியே இருக்கிறது, வெட்கமில்லாமல்.

எங்கள் பக்கத்தில் பிளம்ஸ் என்றால் உலர்ந்த முந்திரிகை. முந்திரிகை என்றால் திராட்சை. நத்தார் என்றால் கிறிஸ்மஸ். அக்கரையில் இருந்து இதை வாசிப்பவர்கள் முந்திரிப் பருப்பை நினைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

சென்ற வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். மாமா, அதாவது என் கணவரின் அப்பா, கோயிலின் கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்று பார்த்துவிட்டு விருந்துக்கு வராமல் போன கதை. அவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். கண்டியில் தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். நான் தெல்தெனியப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பா அங்கே மருந்து கலந்து கொடுப்பவர். அவருடைய அப்பா கூலியாகக் கடல் தாண்டி வந்தவர். வேதம் ஒன்று. அது போதவில்லை.

நாய் வழியாக வந்த பேச்சு

கட்டுக்கலையில், பெருமழை பெய்தால் பாதி முற்றம் வீதிக்கு இறங்கிப் போய்விடும் ஒரு சரிவில் மாமாவின் வீடு. மாமி இறந்து இரண்டு வருஷம். பிள்ளை ஒன்றுதான். அதனால் எங்களை உள்ளே விட்டார். என்னோடு பேசுவதில்லை என்று ஒரு முடிவும் எடுத்திருந்தார். அதை வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

முதல் நாள் காலை தேத்தண்ணீரைக் கொண்டுபோய் அவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த நாயைப் பார்த்தார். மண் நிறத்து நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது சலாம் வைக்கிற மாதிரி மடிந்திருக்கும். அந்தச் சலாமுக்காகத்தான் மேஜர் என்று பேர்.

"மேஜர், சீனி காணாது எண்டு சொல்லு."

மேஜர் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் சீனி எடுத்து வந்தேன். அப்படித் தொடங்கியது.

"மேஜர், கதவைச் சாத்தச் சொல்லு, குளிருது." "மேஜர், ஆரோ படலையடியில நிக்கினம் எண்டு சொல்லு." இப்படியே ஒரு மாதம். பிறகு ஒரு மத்தியானம் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தார்.

"மேஜர், கறியில உப்புக் கூட. தோட்டத்தில உப்பு மலிவோ எண்டு கேள்."

அதுவரை வாய் திறக்காமல் இருந்தவள் நான். அன்றைக்கு நாக்கு தானாக அவிழ்ந்தது.

"மேஜர், மாமா கடக்கரையில பொறந்தவரு, உப்பு கொறஞ்சா கோவிச்சுக்குவாருன்னு பயந்து போட்டேன்னு சொல்லிரு."

மாமா சடக்கென்று பத்திரிகையை விரித்தார். அதன் பின்னாலிருந்து ஓர் இருமல் வந்தது. இருமலா சிரிப்பா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

என் கணவருக்கு ரயில்வே குட்ஷெட்டில் வேலை. பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "இந்த வீட்டில என்னோட ஆரும் கதைக்க வேணுமெண்டா நான் நாலு காலில வரவேணும் போல கிடக்கு."

சிரிப்போம். ஆனால் பகல் நீளமானது. அவர் போனதும் வீட்டில் மிஞ்சுவது ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு பத்திரிகை, அதன் பின்னால் ஒரு மனிதர். என் கண்ணைப் பார்ப்பதற்கு அந்த வீட்டில் ஒரு நாய்தான் இருந்தது. பேசுபவரின் முகத்தையும் கேட்பவரின் முகத்தையும் அது மாறி மாறிப் பார்க்கும். எந்தச் சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்க்கும். தபால் கந்தோரில் இருந்தவருக்கு வாய்த்த தபால்காரன்.

பழம் அரிந்த ஞாயிறு

நத்தாருக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், மாமா அலுமாரியின் லாச்சியைத் திறந்தார். நாலாய் மடித்த ஒரு கடுதாசியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் கடையில் வாங்கிய பொட்டலங்கள். பிளம்ஸ், பூசணி அல்வா, இஞ்சிப் பாணி, கஜு. பிறகுதான், நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேக் வாக்கியத்தை மேஜரிடம் சொன்னார்.

கடுதாசியில் இருந்தது மாமியின் கையெழுத்து. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேக் வேகவில்லை.

கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டேன்.

அன்றைய பிளம்ஸ் இப்போது வருவது போல் சுத்தமாய் வராது. ஒவ்வொன்றின் வயிற்றையும் சின்னக் கத்தியால் கீறி, நனைத்த விரலால் விதையை நீக்கி, பிறகு அரிய வேண்டும். விரலெல்லாம் பிசின். மாமா உள்ளே படுத்துவிட்டார். வெளியே தூறல். மேஜர் என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு, சலாம் காதோடு, ஒவ்வொரு பழமும் பீங்கானுக்குப் போவதை எண்ணிக்கொண்டிருந்தது.

ஒன்று கொடுத்தேன். மெல்லாமல் விழுங்கிவிட்டு, இன்னும் தொடங்கவே இல்லையே என்று பார்த்தது. இன்னொன்று. நான் ஒன்று, அது ஒன்று. பிறகு அது இரண்டு. அரிந்ததில் மாமி எழுதிய அளவுக்கு மேல் ஒரு கை மிஞ்சியது. அதையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். நாக்கு சூடாக, சொரசொரப்பாக என் விரலிடுக்கெல்லாம் நக்கித் துடைத்தது.

ஏழு மாதமாய் எங்கள் தபாலைச் சுமந்ததற்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லவும் சொன்னேன்: "போதுமா தொர?"

மறுநாள் விடிந்ததும் குசினி வாசலில், அடுப்படிக்கு நேரே, மேஜர் வாந்தியெடுத்திருந்தது. பிளம்ஸ் ஊதிப் பருத்து, நான் கொடுத்தபோது இருந்ததைவிடப் பெரிதாய்க் கிடந்தன. யாரும் எழும்பு முன் சாம்பலைப் போட்டு அள்ளி எறிந்தேன். கொடுத்தது தெரியாமல் செய்தது. அள்ளியது தெரிந்தே செய்தது.

மத்தியானம் அது எழும்பவில்லை. தண்ணீர் குடித்தது, திருப்பிக் கக்கியது. வழக்கமாக விடிந்ததும் முற்றத்து ஜம்பு மரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கிவிட்டுத்தான் மற்ற அலுவல். அன்றைக்கு ஜம்பு மரத்தடிக்கு அது போகவேயில்லை, ஒரு சொட்டும் பெய்யவில்லை. மாமா குனிந்து அதன் மூக்கைத் தொட்டார்.

"மேஜர், என்னடா?"

அது யாருக்கும் கொண்டுபோக வேண்டிய செய்தி இல்லை. அதற்கே சொன்னது.

பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாமா குசினிக்குள் வந்தார். ஏழு மாதத்தில் முதல் தடவை. நான் அரியாமல் எடுத்துவைத்த பிளம்ஸ் டின்னைத் திறந்தார், ஒரு பிடி அள்ளிச் சுடுதண்ணீரில் போட்டார், ஆறியதும் கையாலேயே பிசைந்து துணியில் வடித்தார். கிண்ணத்தில் தேன் நிறத்தில் நின்றது.

பிளம்ஸ் தண்ணி. உங்கள் வீட்டிலும் கொடுத்திருப்பார்கள். குழந்தைக்கு வயிறு இறுகினால் அது, காய்ச்சல் விட்டு எழும்பினவருக்குத் தெம்புக்கு அது. இதைவிட அன்பான மருந்து அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரியாது.

மேஜரின் வாயை ஒரு விரலால் பக்குவமாகத் திறந்து, தேக்கரண்டியால் பருக்கினார். "குடி ராசா. குடிச்சாத்தான் எழும்பலாம்."

நான் வாசலில் நின்றேன். எனக்கு எங்கள் தோட்டத்து நாய் ஒன்று ஞாபகம் வந்தது.

கொக்கோ காய்ந்த இடம்

இங்கே ஒருதரம் தெல்தெனியவுக்குப் போய்வர வேண்டும்.

கொக்கோப் பழத்தை உடைத்துப் பார்க்காதவர்களுக்கு: உள்ளே வெள்ளைப் பஞ்சு போல ஒரு சதை, அதற்குள் கொட்டைகள். சதையைச் சூப்பினால் புளிப்பும் இனிப்புமாய் அப்படியொரு ருசி. எங்கள் தோட்டத்தில் சிறுசுகளின் கன்னம் எப்போதும் அந்தப் பிசுபிசுப்போடுதான் இருக்கும். தும்பறைப் பள்ளத்தாக்கு முழுவதும், குண்டசாலை வரைக்கும், அப்போது கொக்கோ மணம்தான். கொட்டைகளைப் புளிக்க வைத்து வெயிலில் பரப்புவார்கள். காற்று ஒரு பக்கம் காடியாகவும் மறுபக்கம் பலகாரமாகவும் வீசும்.

காவற்காரரிடம் ஒரு நாய் இருந்தது. வெயிலில் காய்ந்த கொட்டையை ஒருநாள் அது நன்றாக மென்றுவிட்டது. மத்தியானத்துக்குள் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. நெஞ்சு அடிப்பது தோலுக்கு வெளியே தெரிந்தது. அந்தி சாயுமுன் போய்விட்டது. பாம்பு என்றார்கள். அப்பா மட்டும் அதன் வாயைத் திறந்து பல்லிடுக்கைப் பார்த்துவிட்டு, "பழம்தான். நமக்கு இனிக்கிறது அதுக்குக் கொல்லுது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பழம் எங்கேயாவது கொல்லுமா?

நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. அந்த நாயின் நெஞ்சு அடித்தது ஞாபகமிருக்கிறது.

கடையில் ஒரு கேள்வி

அடுத்த நாள் காலை, ரவை வாங்குகிற சாட்டில் கடைத்தெருவுக்கு இறங்கினேன். எங்களுக்குப் பழவகை கொடுப்பவர் அலவத்துகொட ஆள். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

"நானா, பிளம்ஸ நாய் தின்னா என்னா ஆகும்?"

தராசை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார். "எங்கட சாமான்ல ஒரு பழுதும் இல்ல மகள். எங்கட ஊட்டுப் புள்ளைகளுக்கும் இதத்தான் குடுக்கிற."

"பழுதுன்னு நான் சொல்லல. நாய் தின்னா?"

"நாய்க்கு ஆரு மகள் பிளம்ஸ் குடுக்கிற?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தராசை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். "போன வருஷம் பெட்டி ஒண்டு ஒடஞ்சி வாசல்ல கொட்டினிச்சி. இங்க படுக்கிற கறுப்பன் வயிறு முட்டத் தின்னான். மூணா நாள் மௌத்தாகிக் கிடந்தான். ஆரும் கல்லால அடிச்சிருப்பாங்கன்னு நான் நெனச்ச."

இரண்டு நாய், இரண்டு பழம். எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் நான் படித்திருக்கப் போவதில்லை. ரவையை வாங்க மறந்து மேட்டில் ஏறினேன்.

ஏறும்போது ஒன்று உறைத்தது. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? எங்களுக்கிடையில் சொல் கொண்டுபோன ஒரே ஜீவன், சொல் கொண்டுபோக முடியாமல் கிடக்கிறது. அது செத்தால் நான் அந்த வீட்டில் ஊமை. அதைக் கொன்றவளும் நான்தான் என்று தெரிந்தால், ஊமையாகக்கூட இருக்க முடியாது.

கரண்டி நின்ற இடம்

நான் உள்ளே போனபோது மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மேஜரின் தலை. பக்கத்தில் கிண்ணம். கரண்டி நிறைந்து, வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"வேணாம் மாமா."

கரண்டி நடுவழியில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கம் விடவில்லை.

"மேஜர், ஆர் கதைக்கிறது எண்டு கேள்."

மேஜர் கண்ணைத் திறக்கவில்லை.

"நான்தான் மாமா. ஞாயித்துக்கெழம அதுக்குப் பிளம்ஸ் குடுத்தேன். கை நெறைய. வாந்தியெடுத்ததையும் நான்தான் அள்ளி மறச்சேன். அந்தப் பழம்தான் அதுக்கு ஆகல. நீங்க குடுக்கிறதும் அதே பழம்தான் மாமா."

அவர் திரும்பினார். அன்றைக்குத்தான் அவருடைய கண்ணைப் பார்த்தேன். என் கணவரின் கண், அதே பழுப்பு. கோபத்தைத் தேடினேன். இல்லை. அதைவிடப் பயங்கரமாய் ஏதோ இருந்தது.

"இது என்ர மனுசி எங்கட பிள்ளைக்குப் பருக்கின தண்ணி" என்றார். "பிறகு அவள் கடைசியாய்க் கிடக்கேக்க, நான் அவளுக்குப் பருக்கினனான். கஞ்சி இறங்கேல்லை, மருந்து இறங்கேல்லை. இது மட்டும்தான் இறங்கினது." கரண்டியைப் பார்த்தார். "அப்ப நான் அவளுக்கு..."

மிச்சம் எனக்கு விளங்கியது. ஒரு நாயைக் காப்பாற்ற ஓடிவந்தவள், அந்த மனிதரின் கடைசி ஆறுதலைக் கைதவறிப் போட்டுடைக்கப் பார்த்தேன்.

அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"இல்ல மாமா. மனுசருக்கு அது நல்லது. எங்கப்பா தோட்டத்துல புள்ளப்பெத்தவங்களுக்கே குடுப்பாரு. நாய் ஒடம்பு வேற. அதுக்குத்தான் சேரல. மாமிக்கு அது இனிச்சிருக்கும்."

"இனிச்சிருக்குமோ?"

"இனிச்சிருக்கும் மாமா."

அவர் மேஜரின் தலையை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்தார். பிறகு அவர் எழும்பி, கிண்ணத்தைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். கரண்டியைக் கழுவினார். அதே கரண்டியால் கொதித்தாறிய தண்ணீரைப் பருக்கத் தொடங்கினார்.

அந்த இரண்டு நாளும் எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர், தண்ணீர், திரும்பவும் தண்ணீர். "கொஞ்சம் உள்ள போச்சு மாமா." "ஓம்." அவ்வளவுதான். ஆனால் அந்த "ஓம்" நேரே என்னிடம் வந்தது, நாலு கால் இல்லாமல்.

மூன்றாம் நாள் விடியற்காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முற்றத்திலிருந்து ஒரு கூச்சல்.

"பிள்ளை! பிள்ளை, ஓடி வா! பெய்யிறான்! ஜம்புவடியில பெய்யிறான்!"

துருவலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தூறலில், குடையில்லாமல், சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாமா சிரித்துக்கொண்டு நின்றார். மேஜர் மரத்தில் சாய்ந்து, மூன்று காலும் நடுங்க, நாலாவதைக் கால்வாசி தூக்கியபடி தன் அலுவலை முடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என்னைப் பிள்ளை என்று அவர் முதன்முதல் கூப்பிட்டது இதற்காகத்தான். இதைவிட நல்ல காரணம் ஒன்றை நான் கேட்டிருக்க மாட்டேன்.

குசினிக் கதவில் ஓர் அறிவித்தல்

ஒரு வாரத்துக்குள் குசினிக் கதவில் ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. கந்தோர்க் கையெழுத்து, அடியில் கோடு:

"மேஜருக்கு விலக்கப்பட்டவை. பிளம்ஸ், முந்திரிகை, எவ்விதத்திலும். கொக்கோ, மருமகளின் சாட்சியப்படி. மாங்கொட்டை, தொண்டையில் சிக்கும். ஆனைக்கொய்யா (அவகாடோ), சந்தேகத்தின் பேரில்."

"ஆனைக்கொய்யா பாவம் மாமா, அது என்னா செஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"அந்தப் பழம் இந்த ஊருக்குப் புதுசு. புதுசா வாறவையைக் கொஞ்ச நாள் சந்தேகத்திலதான் வச்சிருப்பன். பிறகு விட்டிடுவன்" என்றார், பத்திரிகையை விரித்துக்கொண்டு.

கேக் வெந்தது. மாமியின் அளவுப்படி. முதல் துண்டைத் தின்றுவிட்டு மாமா இரண்டாவது துண்டு கேட்டார்.

ஸ்டேஷன்

அதன் பிறகு நாலைந்து நத்தார். பிறகு கண்டிக் குளிரை அவருடைய முழங்கால் ஏற்க மறுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தமக்கை வீட்டுக்குப் போவதென்று முடிவாகியது. திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மேஜருக்கும் வயதாகியிருந்தது. மூக்கடியில் வெள்ளை. நாய்களை ரயிலின் கார்ட் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். என் கணவர் கார்டிடம் மன்றாடி, மாமாவின் காலடியிலேயே படுக்க இடம் வாங்கிக் கொடுத்தார். மாமாவின் மடியில் ஒரு கேக் டின். மூடியை நூலால் நாலு சுற்றுக் கட்டியிருந்தேன். மேஜர் ஒருமுறை அதை மோந்து பார்த்துவிட்டுத் தன் காலிலேயே தலையை வைத்துக்கொண்டது.

நாலைந்து வருஷமாக என்னோடு நேருக்கு நேர் பேசி, சண்டை பிடித்து, கறியில் உப்புக் குறை சொன்ன மனிதர். அன்றைக்கு யன்னலோரம் இருந்துகொண்டு என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். மழை. கார்ட் கொடியை எடுத்துவிட்டார். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மூக்கை உறிஞ்சியபடி.

மாமா குனிந்தார். அந்தச் சலாம் காதைத் தடவினார்.

"மேஜர்" என்றார், குரல் பிசிற. "அழ வேண்டாம் எண்டு பிள்ளைக்குச் சொல்லு."

வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன்.

"மேஜர், மொதல்ல அவர அழுகைய நிறுத்தச் சொல்லு."